நவம்பர் பூ, ஏப்ரல் பூ

நவம்பர் முதல் வாரத்தில் லண்டன் ரயிலில் ஒருவருடைய கோட்டில் சிவப்புக் காகிதப் பூ இல்லையென்றால், எதிரில் உட்கார்ந்திருப்பவர் பெரிதாக எதுவும் நினைக்க மாட்டார். வாங்க மறந்திருப்பார், அல்லது நேற்றுப் போட்ட கோட்டோடு பூ வீட்டில் தங்கியிருக்கும். அதே வாரத்தில் பெல்ஃபாஸ்ட் நகரில் பூ இருந்தாலும் சேதி, இல்லாவிட்டாலும் சேதி. வட அயர்லாந்தில் புதிதாகச் சந்திக்கும் இருவர் ஒருவரையொருவர் நேரடியாக மதம் கேட்பதில்லை. பெயர், படித்த பள்ளி, குடியிருக்கும் தெரு என்று சுற்றிவளைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆங்கில நெடுங்கணக்கின் எட்டாம் எழுத்தை ‘எய்ச்’ என்று சொன்னால் புராட்டஸ்டன்ட், ‘ஹெய்ச்’ என்று மூச்சை விட்டுச் சொன்னால் கத்தோலிக்கர் என்று கணிக்கிற அளவுக்கு அங்கே காது பழகியிருக்கிறது. ‘தம்பிக்கு ஊர்ல எந்தத் தெரு?’ என்ற கேள்வியின் உள்நோக்கம் தெரிந்த நமக்கு இது ஒன்றும் விளங்காத விஷயமல்ல. இப்படிப்பட்ட ஊரில் அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் 11 வரை சட்டை மடிப்பே ஒரு விலாசமாகிவிடுகிறது.

முதல் உலகப் போரில் தொடங்கி, பிரிட்டிஷ் படையில் உயிர்விட்டவர்களை நினைக்கும் பாப்பிப் பூவை அணியலாமா, அணியாமல் இருக்கலாமா என்று அங்கே ஆண்டு தவறாமல் வாக்குவாதம் எழுகிறது. ‘அணிவதும் அணியாததும் அவரவர் விருப்பம்’ என்று சொல்லி முடித்துவிடுவது நாகரிகமான பதில். சரியான பதிலும்தான், ஆனால் பாதி பதில். வெற்றுச் சட்டைக்கு மற்றவர்கள் பொருள் எழுதிக்கொண்டே இருக்கும்வரை அணியாதவருக்கு விருப்பம் என்று ஒன்று கிடையாது. அவர் மறுக்கிறார், வெறுக்கிறார், எதிரியோடு நிற்கிறார் என்று யாரோ அவர் சார்பில் முடிவு செய்துவிடுகிறார்கள். பூவை வைத்து ஆளை எடைபோடும் பழக்கம் போனால்தான் பூ மிஞ்சும். அந்தப் பழக்கத்தை விடவேண்டிய கடமை, அரசும் ராணுவமும் தொலைக்காட்சியும் யார் பூவுக்குப் பின்னால் நிற்கின்றனவோ அவர்களுக்கே கூடுதல். இதை நிறுவ, பூ பிறந்த இடத்திலிருந்து வரவேண்டும்.

பாப்பி நம் அடுக்களைக் கசகசாவுக்கு ஒன்றுவிட்ட உறவு. ஐரோப்பியக் கோதுமை வயல்களில் களையாக முளைக்கும். அதன் விதை மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து, மண்ணைக் கிளறினால் எழும். பெல்ஜியத்தின் ஃப்ளாண்டர்ஸ் பகுதியில் 1915இல் மண்ணைக் கிளறியவை பீரங்கிக் குண்டுகள். நண்பரைப் புதைத்துவிட்டு வந்த கனடா ராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே எழுதிய கவிதை அந்தப் பூவைப் பிரபலமாக்கியது. அமெரிக்கப் பேராசிரியை மொய்னா மைக்கேல் அதை அணியும் வழக்கத்தைத் தொடங்கினார். பிரெஞ்சுப் பெண்மணி அன்னா கெராங் அதை நிதி திரட்டும் வழியாக்கி நாடு நாடாகக் கொண்டுபோனார். பிரிட்டனில் அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த முன்னாள் படைவீரர் சங்கமான பிரிட்டிஷ் லீஜன் 1921 நவம்பரில் 90 லட்சம் பூக்களைத் தருவித்து விற்றது. அத்தனையும் தீர்ந்து, 1,06,000 பவுண்டு சேர்ந்தது. கைகால் இழந்தவனுக்கும் வேலையில்லாதவனுக்கும் அந்தப் பணம் சோறு போட்டது என்பதை மறந்துவிட்டு இந்தப் பூவைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது. ஆனால் பூவின் நடுவில் இருந்த கறுப்புப் பொத்தானையும் பார்க்கவேண்டும். அதில் ‘ஹெய்க் நிதி’ என்று பொறித்திருக்கும். சொம் போர்க்களத்துக்கு லட்சக்கணக்கானவர்களை அனுப்பிய தளபதி டக்ளஸ் ஹெய்க்தான் லீஜனின் முதல் தலைவர். அவர் பெயர் பொத்தானிலிருந்து எடுக்கப்பட்டது 1994இல். செத்த சிப்பாயின் பூவில் எழுபது ஆண்டுக்கு மேல் இருந்த பெயர், அவனைச் சாக அனுப்பியவருடையது.

அந்த 1921 நவம்பரில் அயர்லாந்து எந்த நிலையில் இருந்தது? சுதந்திரப் போர் ஜூலையில்தான் ஓய்ந்திருந்தது. நாட்டை இரண்டாகப் பிரித்து வடக்கின் ஆறு மாவட்டங்களுக்கு பெல்ஃபாஸ்டில் தனி நாடாளுமன்றம் ஜூனிலேயே திறந்தாயிற்று. லண்டனில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. டிசம்பர் 6 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. முதல் பாப்பி விற்பனைக்கும் அந்தக் கையெழுத்துக்கும் இடையே ஒரு மாதம்கூட இல்லை. அதற்கு முந்தைய நவம்பரில் டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் கால்பந்துப் போட்டிக்கு நடுவே புகுந்த காவல் படை சுட்டதில் 14 பேர் இறந்திருந்தார்கள். ‘பிளாக் அண்ட் டேன்ஸ்’ என்று இன்றும் ஊர் சபிக்கும் அந்த நாளின் கூலிக் காவலர்களில் பெரும்பாலோர் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்கள். லண்டனுக்கு இந்தப் பூ போர் முடிந்தபின் வந்தது. அயர்லாந்துக்கு அது, போர் ஓய்ந்தும் ஒப்பந்தம் ஆகாத இடைவெளியில் வந்தது.

இத்தனைக்கும் அந்தப் பூ நினைக்கச் சொன்னவர்களில் ஐரிஷ்காரர்கள் ஏராளம். முதல் உலகப் போரில் அயர்லாந்திலிருந்து 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பிரிட்டிஷ் படையில் சேர்ந்தார்கள். கட்டாய ராணுவ சேவை அங்கே அமலுக்கு வரவேயில்லை, அத்தனை பேரும் தாங்களாகப் போனவர்கள். இறந்தவர்கள் சுமார் 35,000 என்பது வரலாற்றாசிரியர்கள் அதிகம் சொல்லும் கணக்கு. அயர்லாந்துக்குத் தன்னாட்சி வேண்டாம் என்ற புராட்டஸ்டன்ட் தொண்டர் படையிலிருந்து திரண்டது 36ஆம் டிவிஷன். தன்னாட்சி கிடைக்கும் என்று நம்பிய கத்தோலிக்கர்கள் பெரும்பாலும் சேர்ந்தது 16ஆம் டிவிஷன். 1916 ஜூலை 1 அன்று சொம் களத்தில் 36ஆம் டிவிஷனில் ஏறத்தாழ 2,000 பேர் மாண்டார்கள். செப்டம்பரில் அதே களத்தின் கில்மாண்ட், கிஞ்சி கிராமங்களில் 16ஆம் டிவிஷன் சிதைந்தது. 1917 ஜூனில் மெசின் குன்றில் இரண்டு டிவிஷன்களும் தோளோடு தோள் நின்றன. அங்கே அடிபட்டு விழுந்த கத்தோலிக்க தேசியவாத எம்.பி. வில்லி ரெட்மண்டைத் தூக்கிச் சென்றவர்கள் 36ஆம் டிவிஷனின் புராட்டஸ்டன்ட் சிப்பாய்கள். இரண்டு தரப்பும் ஒன்றாக அழுதிருக்கலாம். பெல்ஃபாஸ்ட் சொம்மைத் தன் பிறப்புச் சான்றிதழாக ஆக்கிக்கொண்டது. டப்ளின் தன் பிறப்பை, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் கிளர்ச்சியில் கண்டது. 16ஆம் டிவிஷனின் விதவைகளுக்கு இரண்டு கதையிலும் இடமில்லாமல் போயிற்று.

1920களின் டப்ளினில் நவம்பர் 11 அன்று பல்லாயிரம் பேர் பூவோடு கூடினார்கள் என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கலாம். கூடியவர்களின் கோட்டிலிருந்து பூவைப் பிடுங்க இளைஞர் கூட்டம் காத்திருந்தது. பிடுங்க வரும் விரலை அறுக்கட்டும் என்று பூவுக்குப் பின்னால் சவரக் கத்தித் தகடு செருகி வந்தவர்களும் உண்டு. இறந்தவனை நினைக்கப் போகிறவன் கோட்டில் பிளேடு! போரில் இறந்தோருக்காக டப்ளினின் ஐலண்ட்பிரிஜ் பகுதியில் ஒரு பூங்கா கட்டினார்கள். வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ், நம் டெல்லி இந்தியா கேட்டை வடிவமைத்த அதே ஆள். 1930களின் முடிவில் வேலை முடிந்தும் முறையான திறப்புவிழா நடக்கவில்லை. தள்ளிப்போய்த் தள்ளிப்போய்ப் புல் மண்டி, சீரமைத்து அர்ப்பணிக்க 1988 ஆயிற்று. சுதந்திர அயர்லாந்து தன் சொந்தப் பிள்ளைகளுக்கு இழைத்த அநீதி இது. பாப்பி மறுப்பின் வரலாறு முழுக்கத் தூய்மையானது என்று யாராவது சொன்னால் இந்தப் பூங்காவின் ஐம்பது ஆண்டுப் புல்லை அவர்களுக்குக் காட்டவேண்டும்.

மறுபக்கத்துக்கும் ஒரு பூ இருக்கிறது. ஈஸ்டர் கிளர்ச்சியில் இறந்தவர்களை நினைக்க, குமன் நா மான் என்ற குடியரசுவாதப் பெண்கள் அமைப்பு 1926இல் ஈஸ்டர் லில்லியை அறிமுகப்படுத்தியது. வெள்ளை, பச்சை, ஆரஞ்சு நிறத்தில் சின்னக் காகித அட்டை. மார்ச்சிலோ ஏப்ரலிலோ ஈஸ்டர் வரும் வாரம் அதன் காலம். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. 1969-70இல் இரண்டாக உடைந்தபோது பூவும் உடைந்தது. ஒரு பிரிவு பின்புறம் பசை தடவிய லில்லியை விற்றது, மற்றது ஊசி குத்தும் பழைய லில்லியையே வைத்துக்கொண்டது. பசைக்காரர்களுக்கு ‘ஸ்டிக்கி’ என்று வந்த பட்டப்பெயர் அரசியல் அகராதியில் இன்றும் இருக்கிறது. ஒரே தியாகியை, ஒரே பூவால், ஒரே நாளில் நினைக்கிறவர்களிடம்கூட ஊசியா பசையா என்று பார்த்து ஆளைப் பிரிக்க முடிந்திருக்கிறது. இப்படிப்பட்ட கண்களுக்கு முன்னால் பாப்பி எம்மாத்திரம்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1969இல் வட அயர்லாந்துத் தெருக்களில் இறங்கிய பிரிட்டிஷ் ராணுவம் தன் நடவடிக்கையை முடித்தது 2007இல். பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்று 1998 அமைதி ஒப்பந்தம் வரை நீண்ட அந்த மோதலில் எல்லாத் தரப்பிலுமாகச் சுமார் 3,600 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்களைக் கொன்றது ராணுவம் அல்ல, ஆயுதக் குழுக்கள். அவற்றிலும் அதிகம் கொன்றது ஐ.ஆர்.ஏ. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் கணக்குப் பொய்யாகிவிடும். ஆனால் 1972 ஜனவரி 30 அன்று டெரி நகரில் (லண்டன்டெரி என்று அழைக்கிறவர்களும் அங்கேயே வசிக்கிறார்கள்) உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்கள்மீது பாராசூட் படை சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தார்கள், காயமுற்ற ஒருவர் பின்னர். முதல் விசாரணை சிப்பாய்களைப் பெருமளவு காப்பாற்றியது. சுடப்பட்டவர்கள் யாருக்கும் ஆபத்து விளைவிக்கவில்லை என்று இரண்டாம் விசாரணையின் சாவில் அறிக்கை சொன்னதும், பிரதமர் டேவிட் கேமரன் மன்னிப்புக் கேட்டதும் 2010இல். முப்பத்தெட்டு ஆண்டுகள். அந்த ஊர்வலம் புறப்பட்ட கிரெகன் குடியிருப்பில் வளர்ந்தவர் கால்பந்து வீரர் ஜேம்ஸ் மெக்ளீன். இங்கிலாந்துக் குழுக்களுக்கு ஆடப் போன அவர் 2012 முதல் பாப்பி பொறித்த பனியனை அணிய மறுத்துவந்தார். 2014இல் தன் குழுவின் தலைவருக்கு எழுதிய கடிதத்தில் காரணத்தை நிதானமாக விளக்கினார்: இரண்டு உலகப் போர்களில் இறந்தவர்களுக்கு மட்டும் என்றால் தினமும் அணிவேன், பின்னால் வந்த போர்களுக்கும் இதே பூ என்பதால்தான் என் ஊர்க்காரனாக என்னால் முடியவில்லை. வார்த்தைக்கு வார்த்தை அல்ல, சாரம் இது. கடிதத்துக்குப் பிறகும் மைதானங்களில் வசவு ஓயவில்லை. கொலை மிரட்டலும் வந்தது.

மெக்ளீன் பூவைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. பாப்பி எல்லாப் போர்களிலும் பணியாற்றிய பிரிட்டிஷ் படையினருக்கானது என்பதை லீஜனே மறைக்காமல் சொல்கிறது. வட அயர்லாந்தில் பணியாற்றியவர்களும் அதில் அடக்கம். 1972இல் டெரியில் துப்பாக்கி பிடித்தவருக்கும் 1916இல் சொம் சேற்றில் மூழ்கியவருக்கும் ஒரே பூ. பூவை அணிகிற நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மனத்தில் சொம் மட்டும்தான் இருக்கும், அல்லது தாத்தா ஒருவரின் மங்கிய புகைப்படம். ‘நான் எதை நினைத்து அணிகிறேனோ அதுதான் பொருள்’ என்று அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் சின்னத்தின் பொருள் அணிகிறவர் மனத்தோடு நின்றுவிடுவதில்லை. பெல்ஃபாஸ்டின் புராட்டஸ்டன்ட் தெருக்களில், அப்பாவிக் கத்தோலிக்கர்களைக் கொன்ற ஆயுதக் குழுக்களுக்கு எழுதிய சுவரோவியங்களில் அதே பாப்பி வருடம் முழுக்கப் பூத்திருக்கிறது. 1966இல் உருவான ஒரு குழு முதல் உலகப் போர்க் காலத்துத் தொண்டர் படையின் பெயரையே எடுத்துக்கொண்டு, சொம்மில் இறந்தவர்களின் பேரப்பிள்ளையாகத் தன்னைக் காட்டிக்கொண்டது. அணியாதவரைப் பார்த்து ‘பூவில் அரசியல் கலக்காதே’ என்று கோபப்படுகிறவர்கள், தங்கள் தெருச் சுவரில் கலந்திருக்கும் அரசியலிடம் அதே கோபத்தைக் காட்டியிருந்தால் அந்தப் பேச்சுக்கு எடை இருந்திருக்கும்.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் என்னிஸ்கிலன் ஊரிலிருந்து வருகிறது. 1987 நவம்பர் 8, நினைவு ஞாயிறு. போர் நினைவுச் சின்னத்தில் சிப்பாய் ஒருவன் துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றித் தலைகுனிந்து நிற்பான். அதன் எதிரே கட்டடச் சுவரோரம், காற்றுக்கு ஒதுங்கி, ஊர்ப் பெரியவர்கள் கோட்டில் பூவோடு அணிவகுப்புக்காகக் காத்திருந்தார்கள். 10.43க்கு அந்தக் கட்டடத்துக்குள் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டு வெடித்துச் சுவர் அப்படியே அவர்கள்மேல் சரிந்தது. 11 பேர் மாண்டார்கள், பெரும்பாலும் பணி ஓய்வு பெற்ற முதியவர்கள், மூன்று தம்பதிகள் உட்பட. நினைவு திரும்பாமல் படுக்கையில் கிடந்த இன்னொருவர் 13 ஆண்டு கழித்து இறந்தார். அதே நாளில் எல்லையோரச் சிற்றூர் ஒன்றில், சிறுவர் சிறுமியர் அணிவகுக்கும் இடத்தில் வைத்த இதைவிடப் பெரிய குண்டு நல்லவேளையாக வெடிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த மாவட்டத்துப் புராட்டஸ்டன்ட்களுக்குப் பாப்பி எங்கோ ஃப்ளாண்டர்ஸ் வயலில் பூத்த பூவாக இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சாகும்போது அணிந்திருந்த பூ. அதை அணியாமல் எதிரே வருகிறவரைக் கண்டால் நெஞ்சு சுருங்காதா என்று கேட்கிறார்கள். சுருங்கும். அதற்கு எந்தத் தர்க்கமும் மருந்தாகாது. ஆனால் அந்தச் சுவருக்கு அடியில் இருபது வயது மகளின் கையைப் பிடித்தபடி கிடந்து, அவளை இழந்து, அன்றைக்கே தனக்கு யார்மீதும் பகை இல்லை என்று சொன்ன கார்டன் வில்சனும் அதே ஊர்க்காரர்தான். பின்னாளில் அவர் டப்ளின் செனட்டில் உறுப்பினராக அமர்ந்தார். பாப்பியை மறுப்பதும் குண்டை ஆதரிப்பதும் ஒன்றே என்று அந்தத் தகப்பன் நினைத்திருந்தால் எல்லைக்கு அந்தப்பக்கம் போய் உட்கார்ந்திருக்க முடியாது. என்னிஸ்கிலனின் துக்கம் பூவை அணிய ஆயிரம் காரணம் தருகிறது. அணியாதவரை விசாரிக்க ஒன்றும் தரவில்லை.

‘எதற்கு வம்பு, எல்லாச் சின்னங்களையும் வேலையிடத்தில் தடை செய்துவிடலாமே’ என்பது இன்னொரு யோசனை. வட அயர்லாந்துக்கு இந்த யோசனை ஆகாயத்திலிருந்து வரவில்லை. 1920 ஜூலையில் பெல்ஃபாஸ்ட் கப்பல் கட்டும் தளங்களிலிருந்து கத்தோலிக்கத் தொழிலாளிகளை அடித்து விரட்டினார்கள். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு, பட்டறைக் கூரையில் தொங்கிய கொடியும் தோரணமுமே ‘இங்கே உனக்கு வேலை இல்லை’ என்ற அறிவிப்புப் பலகை. 1976இல் தொடங்கி, 1989இல் பல் முளைத்து, 1998இல் திருத்தப்பட்ட வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டங்கள் அந்தத் தோரணங்களை இறக்கின. யாரையும் மிரட்டாத, எல்லோரும் இணங்கி உழைக்கக்கூடிய பணியிடம் வேண்டும் என்பது அவற்றின் எதிர்பார்ப்பு. பாப்பிக்கு அங்குள்ள சமத்துவ ஆணையம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது: உரிய காலத்தில், மரியாதையாக அணிந்தால் அது பாகுபாடாகாது. பிப்ரவரியில் மேசைமேல் பாப்பி வளையத்தைச் சாத்திவைத்தால் அது வேறு கதை. எனக்கு இந்த வரம்பு பிடித்திருக்கிறது, ஏனென்றால் இது பூவைப் பார்க்காமல் பூவை வைத்து என்ன செய்கிறார்கள் என்று பார்க்கிறது. ஈஸ்டர் லில்லிக்கு அதே தாராளம் பெரும்பாலும் கிடைப்பதில்லை என்ற குறை மிச்சமிருக்கிறது. ஐ.ஆர்.ஏ. குண்டில் தகப்பனை இழந்தவர் பக்கத்து மேசையில் லில்லியைப் பார்த்துக்கொண்டு வேலை செய்யவேண்டுமா என்று கேட்டால் எளிதான பதில் இல்லை. ஆனால் அதே கேள்வி பாப்பிக்கும் பொருந்தும் என்பதை அப்படிக் கேட்கிறவர் ஒப்புக்கொள்ளவேண்டும். முழுத் தடை இதைத் தீர்க்காது. தடை போட்ட மறுநாள் பூ இரட்டிப்புப் பொருளோடு தெருவில் முளைக்கும். 2012 டிசம்பரில் பெல்ஃபாஸ்ட் நகரசபை பிரிட்டிஷ் கொடியைத் தினமும் ஏற்றாமல் குறிப்பிட்ட நாள்களில் மட்டும் ஏற்றுவது என்று முடிவெடுத்ததற்கே மாதக்கணக்கில் சாலை மறியலும் கலவரமும் நடந்தன.

‘வேறு பூ செய்துகொள்ளலாமே’ என்றும் சொல்வார்கள். செய்து பார்த்திருக்கிறார்கள். போரே வேண்டாம் என்று பிரிட்டனின் கூட்டுறவுப் பெண்கள் சங்கம் 1933இல் வெள்ளைப் பாப்பியைக் கொண்டுவந்தது. முதல் போரின் ஐரிஷ் வீரர்களுக்காக ஷாம்ராக் இலைமேல் பாப்பி வைத்த சின்னத்தை அயர்லாந்துப் பிரதமர் லியோ வரத்கர் 2017இல் நாடாளுமன்றத்தில் அணிந்துவந்தார். அழகான முயற்சிகள், ஆனால் அணிந்தவர் எந்தப் பக்கம் என்ற கேள்வியை அவை ஓயவைக்கவில்லை, மூன்றாவது பக்கம் ஒன்றை உண்டாக்கின. நமக்கு அருகிலேயே இதற்கு ஒரு முன்கதை உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியில் இலங்கையில் விற்ற பாப்பியின் பணத்தில் பெரும்பகுதி பிரிட்டனுக்குப் போகிறது, உள்ளூர்ச் சிப்பாய்க்கு வருவது சொற்பம் என்று கொதித்த முன்னாள் வீரர் ஏலியன் பெரேரா 1931இல் அதே நாளில் சூரிய மல்லை விற்கத் தொடங்கினார். சூரிய மல் வேறொன்றுமில்லை, நம் வேலியோரத்துப் பூவரசம்பூ. 1933இல் இடதுசாரி இளைஞர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக்கினார்கள். இங்கிலாந்தில் பிறந்து கொழும்பில் பள்ளி நடத்திய டொரீன் யங் அதன் முன்னணியில் நின்றார். 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் அதே தொண்டர்கள் கிராமம் கிராமமாக மருந்தோடு போனார்கள். பூ விற்றதைவிட அது பெரிய காரியம்.

அதே இலங்கையில் இன்றைக்கும் நவம்பர் ஒரு விசித்திரமான மாதம். மாதத் தொடக்கத்தில் முன்னாள் படைவீரர் சங்கத்தார் ஜனாதிபதியின் கோட்டில் முதல் பாப்பியைக் குத்துவார்கள், பத்திரிகையில் படம் வரும். மாதக் கடைசியில், 27ஆம் தேதி, வடக்கிலும் கிழக்கிலும் தாய்மார்கள் கார்த்திகைப் பூவோடு விளக்கேற்றப் போனால் காவல்துறை குறிப்பெடுக்கும். கார்த்திகைப் பூவை 2003இல் புலிகள் தேசியப் பூவாக அறிவித்தார்கள் என்பது உண்மை. அந்தப் பூவை ஏந்துகிற எல்லோரும் புலிகள் இயக்கத்தை ஏந்துகிறார்கள் என்பது, பாப்பி அணிகிற எல்லோரும் டெரியில் சுட்டவரை ஏந்துகிறார்கள் என்பதைப் போலவே அவசரமான கணக்கு. ஒரு தாய்க்கு அது மகன் முகம். பாக் நீரிணைக்கு இந்தப்பக்கம் அதே பூ செங்காந்தள் என்ற பெயரில் தமிழ்நாட்டின் மாநிலப் பூ. பள்ளிப் பிள்ளைகள் அதை வண்ணம் தீட்டிப் பரிசு வாங்குகிறார்கள்.

பூவுக்குக் கட்டாயம் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்துக் கால்பந்தே சான்று. முன்பெல்லாம் வீரர்களின் பனியனில் பாப்பி கிடையாது. ஒரு நிமிட மௌனம் மட்டும்தான். இந்த நூற்றாண்டில்தான் எல்லாக் குழுவும் பூப் பொறித்த பனியனுக்கு மாறின. 2016 நவம்பர் 11 அன்று வெம்ப்லியில் ஆடிய இங்கிலாந்து, ஸ்காட்லாந்து வீரர்கள் கையில் பாப்பிப் பட்டை கட்டியது அரசியல் சின்னம் என்று ஃபிஃபா அபராதம் விதித்தது. போட்டிக்கு முன்பே, ஃபிஃபா அனுமதி மறுத்தபோதே, பிரதமர் நாடாளுமன்றத்தில் கொதித்தெழுந்திருந்தார். அடுத்த ஆண்டு விதி தளர்ந்தது. 2018இல் மான்செஸ்டர் யுனைடெட் குழுவின் நெமன்யா மாதிச் பூ வேண்டாம் என்றார். அவர் சிறுவனாக இருந்தபோது, 1999 நேட்டோ குண்டுவீச்சு அவருடைய செர்பிய கிராமத்தின்மீதும் விழுந்திருந்தது. அவருக்கும் வசவு. கூட்டம் பெரிதாகப் பெரிதாக, யார் நினைக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு யார் அணியவில்லை என்று தேடுகிற வேலையாக அது மாறிற்று. கட்டாயமானால் பூ தன் பொருளை இழந்துவிடும் என்று லீஜனே எச்சரித்திருக்கிறது. எச்சரிக்கையைக் கேட்டவர்கள் குறைவு.

வட அயர்லாந்திலோ, பூவைக் கேட்காமல் வாசலைத் திறந்தபோதெல்லாம் ஆட்கள் உள்ளே வந்திருக்கிறார்கள். 1998 நவம்பர் 11 அன்று மெசினில் ஐரிஷ் வட்டக் கோபுரம் ஒன்றை அயர்லாந்து ஜனாதிபதி மேரி மெக்கலீஸும் எலிசபெத் ராணியும் சேர்ந்து திறந்தார்கள். சொம் நினைவு நாளான 2002 ஜூலை 1 அன்று, ஐ.ஆர்.ஏ.வோடு நெருக்கமான சின் ஃபெய்ன் கட்சியின் முதல் பெல்ஃபாஸ்ட் மேயர் அலெக்ஸ் மாஸ்கி, அதிகாரப்பூர்வ நிகழ்ச்சிக்கு முன்பே தனியாக வந்து நினைவுத் தூணில் வளையம் வைத்தார். 2012இல் அயர்லாந்துப் பிரதமர் எண்டா கென்னி என்னிஸ்கிலனுக்கே வந்தார். அந்த ஊர் நினைவுச் சின்னத்தை 1991இல் புதுப்பித்தபோது, தலைகுனிந்த சிப்பாயின் காலடியில் இறந்தவர்களுக்காகச் சேர்த்த பதினொரு வெண்கலப் புறாக்களின் முன்னால் அவர் வைத்தது பச்சை லாரல் இலை வளையம். பாப்பி வளையம் அல்ல. யாரும் திருப்பி அனுப்பவில்லை.

2024 நவம்பர் 10, ஞாயிறு. பெல்ஃபாஸ்ட் நகர மன்றத்தின் பக்கத்தில் அதே தூண். வட அயர்லாந்தின் முதலமைச்சர், சின் ஃபெய்னின் மிஷேல் ஓ’நீல், அதிகாரப்பூர்வ நிகழ்ச்சியிலேயே மற்றவர்களோடு வரிசையில் நின்றார். அக்கட்சியின் மூத்த தலைவர் ஒருவர் அப்படி நிற்பது அதுவே முதல்முறை. ராணுவத்தால் உறவை இழந்தவர்களில் அதை நினைத்து வருந்தியவர்கள் உண்டு. மறுபக்கத்தில் இன்னும் நம்பாதவர்களும் உண்டு. சுற்றிலும் கோட்டுகளில் சிவப்பு. அவருடைய கறுப்பு மேலங்கியில் பூ இல்லை, கையில் லாரல் வளையம். முறை வந்ததும் படியேறி அதை வைத்துவிட்டு, சற்றே தலை தாழ்த்தி, தன் இடத்துக்குத் திரும்பினார். அடுத்தவர் தன் பாப்பி வளையத்தை அதன் பக்கத்தில் வைத்தார்.